பந்தாட்டக் கழகம் யாருக்குச் சொந்தம்?

விளையாட்டு என்றால் வெற்றியும் உண்டு; தோல்வியும் உண்டு. இதனை அறியாத ரசிகன் இல்லை. தன் அணி தோற்ற அன்று இரவு அவன் சரியாக உண்ணமாட்டான். மறுநாள் காலையில் விடுதித் தோழர்களின் கேலியைப் பொறுத்துக்கொள்வான். அடுத்த வாரம் அதே வண்ணச் சட்டையை அணிந்துகொண்டு மீண்டும் அரங்கத்துக்குப் புறப்பட்டுவிடுவான். தோல்வி அவனை வருத்துமே ஒழிய, அவனை விரட்டாது.

அப்படியிருக்க, அதே ரசிகர்கள் சில வேளைகளில் தங்கள் சொந்தக் கழகத்தின் நிர்வாகத்தையே எதிர்த்துப் பதாகை தூக்குகின்றனர். இருக்கைகளைக் காலியாக விட்டு வெளியே நிற்கின்றனர். இது ஏன் நிகழ்கின்றது? 'தோல்வியைத் தாங்கும் மனம் இல்லை' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது சரியான விடை ஆகாது. ரசிகனை எரிச்சலூட்டுவது தோல்வி அன்று. தோல்விக்குக் காரணம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமையே ஆகும்.

நம்முடைய சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூடுகின்றது. செயலாளர் அறிக்கை படிக்கின்றார். பொருளாளர் கணக்கு வைக்கின்றார். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாண்டு மாணவனும் எழுந்து, "பொங்கல் விழாவுக்கு இவ்வளவு செலவானது எப்படி?" என்று கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வேறொருவருக்கு வாக்களிக்கலாம். ஆனால் பத்தாண்டுகளாக ஒரு கழகத்தின் ஆட்டத்தைத் தவறாமல் பார்த்துவரும் ரசிகனுக்கு இந்த உரிமை உண்டா? இல்லை. அவனுக்குக் குரல் உண்டு; வாக்கு இல்லை. இந்த நிலை எப்படி வந்தது, எங்கே மாறியது, நம் ஊரில் என்ன செய்ய இயலும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெங்களூரின் பழைய ஆட்டம்

பெங்களூர் என்றதும் இன்று பலருக்குக் கணிப்பொறி நினைவுக்கு வரும். விளையாட்டை நினைப்பவர்க்குக் கிரிக்கெட் வரும். ஆனால் கண்டோன்மெண்டுப் பகுதியில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் கால்பந்தைப் பற்றித்தான் பேசுவார். அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அங்கே உள்ள சிறுவர்களுக்குப் பந்து என்றால் அது காலால் உதைக்கும் பந்துதான்.

பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை 1891 இல் தொடங்கியது. நெடுங்காலம் ஆங்கிலப் படைப்பிரிவுகளே அதனை வென்றுவந்தன. அந்த வழக்கத்தை 1937 இல் உடைத்தது நம் ஊரின் 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' அணி; 1938 இலும் அதே கோப்பையை அது வென்றது. பெங்களூரில் பிறந்த அகமது கான் 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் 'பஞ்ச பாண்டவர்' எனப் பெயர்பெற்ற ஐவரில் ஒருவராகவும் விளங்கினார். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநிலம் நான்கு முறை வென்றது. நான்காவது வெற்றி 1968-69 இல் கிடைத்தது. அதன் பின் 54 ஆண்டுகள் காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாத் நகரில் கர்நாடகம் மீண்டும் அக்கோப்பையைப் பெற்றது.

அக்காலத்தில் அணிகளை நடத்தியவர் யார்? இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள், அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மதராஸ் எஞ்சினியர் படைப்பிரிவு போன்ற இராணுவ அமைப்புகள், தெருவுக்குத் தெரு தோன்றிய சிறு சங்கங்கள். ஆட்டக்காரனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மாலையில் பந்து உதைத்தான். அந்த முறையில் பணம் குறைவு, குறைகளும் இருந்தன. ஆனால் நிர்வாகி யார் என்பது ஊருக்குத் தெரியும். அணி தோற்றால், மறுநாள் காலையில் ஆலையின் வாயிலிலேயே அவரை நிறுத்திக் காரணம் கேட்கலாம். அவரும் அதே தெருவில் வாழ்பவர் ஆயிற்றே!

அந்த உலகம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. தேசிய லீக்குகள் தோன்றின, சம்பளம் உயர்ந்தது, பொதுத்துறை நிறுவனங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. எச்.ஏ.எல். அணி 2010-11, 2011-12 ஆகிய இரண்டு பருவங்கள் ஐ-லீக்கில் ஆடியது. இரண்டாம் பருவத்தின் முடிவில் கீழிறக்கப்பட்டது. அத்துடன் தேசிய மேடையில் பெங்களூருக்கு இடம் இல்லாமற் போயிற்று.

புதிய கழகம்

அந்த வெற்றிடத்தில் 2013 இல் தோன்றியதுதான் பெங்களூரு எப்.சி. ஜே.எஸ்.டபிள்யூ. என்னும் எஃகுத் தொழிற்குழுமம் இதனை நிறுவியது. முதல் பருவத்திலேயே, 2013-14 இல், ஐ-லீக் பட்டம் வென்று நாட்டையே வியக்கவைத்தது. 2015-16 இல் மீண்டும் லீக் பட்டம். இடையிலும் பின்னரும் இரண்டு பெடரேஷன் கோப்பைகள். 2016 இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எப்.சி. கோப்பை இறுதியாட்டத்துக்குச் சென்ற முதல் இந்தியக் கழகம் என்னும் பெருமையைப் பெற்றது. 2017 இல் ஐ.எஸ்.எல். போட்டியில் சேர்ந்தது, 2018-19 இல் அப்பட்டத்தையும் வென்றது.

முதலில் அசோக் நகர் மைதானத்திலும், பிறகு கண்டீரவா அரங்கத்திலும் ஒரு புதுக் கூட்டம் உருவாயிற்று. 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவர். கணிப்பொறி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞரும், கல்லூரி மாணவரும், ஆஸ்டின் டவுன் சிறுவரும் ஒரே வரிசையில் நின்றனர். கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒலித்த மேடை அது. 2018 மார்ச்சு 17 அன்று அதே கண்டீரவாவில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் எப்.சி. 3-2 என்று வென்றபோது, பெங்களூர்த் தமிழர் பலருக்கு எந்தப் பக்கம் மகிழ்வது, எந்தப் பக்கம் வருந்துவது என்று விளங்கவில்லை!

பிறகு சரிவு வந்தது. 2020-21 பருவத்தில் ஏழாம் இடம். 2021-22 இல் ஆறாம் இடம். 2022 இல் டூரண்டு கோப்பை வெற்றியும், 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டமும் சற்று ஆறுதல் தந்தன. ஆனால் 2023-24 இல் பன்னிரண்டு அணிகளுள் பத்தாம் இடம்! பட்டம் வாங்கியே பழகிய ரசிகனுக்கு இது நெஞ்சில் இடி விழுந்தாற்போல் இருந்தது.

இந்தச் சரிவுக்காலத்தில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஐ.எஸ்.எல். பட்டம் பெற்றுத்தந்த பயிற்சியாளர் கார்லெஸ் குவாத்ராத் 2021 சனவரியில் விலகினார். அவருக்குப் பின் மார்க்கோ பெசாயுவோலி வந்தார். 2022 இல் சைமன் கிரேசன் வந்தார். 2023 டிசம்பரில் அவரும் நீக்கப்பட்டு ஹெரார்டு சரகோசா வந்தார். மூன்று ஆண்டுக்குள் மூன்று பயிற்சியாளர்கள் போய்விட்டனர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் ஆடச் சொல்பவர். ஒவ்வொரு முறைக்கும் வேறு வகை ஆட்டக்காரர் வேண்டும். 2023 இல் இறுதியாட்டம் ஆடிய அணியிலிருந்து ராய் கிருஷ்ணா, சந்தேஷ் ஜிங்கன், உதாந்த சிங் ஆகியோர் அடுத்த பருவத்துக்குள் வேறு கழகங்களுக்குச் சென்றுவிட்டனர். கோல் வேண்டும் என்றால் 2013 முதல் அணியைத் தாங்கிவரும் சுனில் சேத்ரியையே நோக்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 7 அன்று கேரள பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக அவர் மூன்று கோல் அடித்தபோது அவருக்கு வயது நாற்பது! அவருக்கு அது பெருமை. பத்தாண்டில் அவருக்கு ஒரு வாரிசை வளர்க்காத கழகத்துக்கு அது பெருமையாகுமா?

இங்கே ரசிகன் எழுப்பும் வினாக்கள் மூன்று. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார், எந்த அளவுகோலால்? நல்ல ஆட்டக்காரர் போகும்போது அவருக்கு மாற்று யார் என்று முன்பே எண்ணினார்களா? நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் அணிக்கு வர வழி என்ன? இவை பண்பான வினாக்கள். ஆனால் இவற்றைக் கேட்பதற்கென்று ஓர் அவை இல்லை. அறிக்கை வரும்; அதில் நன்றியும் வாழ்த்தும் இருக்கும்; காரணம் மட்டும் இராது.

பணம் எங்கிருந்து வருகின்றது?

ரசிகனின் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலாளியின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு கழகத்துக்கு வருவாய் நான்கு வழிகளில் வரலாம்: நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், ஆட்டக்காரரை விற்பது. ஐரோப்பாவில் இவை நான்கும் பெருகி ஓடுகின்றன. இந்தியாவில் ஊற்று மெல்லியது. நுழைவுச்சீட்டு வருமானம் ஆட்டத்தை நடத்தும் செலவுக்கே ஈடாகாது. அதற்கு மேல் ஐ.எஸ்.எல். கழகங்கள் போட்டியில் கலந்துகொள்வதற்கென்றே ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம் செலுத்தி வந்தன. மீதியை முதலாளி தம் பையிலிருந்து போட வேண்டும். ஆண்டுதோறும் நட்டத்தை ஏற்பவர், "பணம் என்னுடையது, முடிவும் என்னுடையது" என்று கருதுவதில் வியப்பில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்று ஒரு வணிக உரிமை ஒப்பந்தம் செய்தது. அதன் வழியாக 2014 இல் எட்டு அணிகளுடன் ஐ.எஸ்.எல். தோன்றியது. அதில் ஓர் இடத்தை வாங்கியவர் எத்தனை முறை கடைசியில் நின்றாலும் அந்த இடம் போகாது என்ற நிலையே நெடுநாள் இருந்தது. 2023 முதல் ஐ-லீக் வென்ற பஞ்சாப், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகியவை மேலே வந்தன. ஆனால் 2024-25 முடிய, ஆட்டத்தில் பின்தங்கியதற்காக எந்த அணியும் கீழே இறக்கப்படவில்லை. எச்.ஏ.எல். அணிக்குக் கீழே பள்ளம் இருந்தது. தவறினால் விழ வேண்டும். புதிய கழகத்துக்குக் கீழே அன்று பள்ளம் இருக்கவில்லை. விழும் அச்சம் இல்லாத இடத்தில், தவறைத் திருத்தும் அவசரமும் குறைவுதான்.

அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைந்தது. அடுத்து என்ன என்பது உறுதியாகாத நிலையில், 2025 சூலையிலேயே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி. முதல் அணி ஆட்டக்காரருக்கும் பணியாளருக்கும் சம்பளம் கொடுப்பதைக் காலவரையறையின்றி நிறுத்தியது. சில மாதங்களுக்கு முன், 2025 ஏப்ரலில், இதே கழகம் கல்கத்தாவில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம் ஆடியிருந்தது! மைதானத்தில் ஏறியும் இறங்கியும் வந்த கழகத்தின் வாழ்வு, மைதானத்துக்கு வெளியே ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் பலருக்கும் புலப்பட்டது. 'முதலாளியே வெளியேறு' என்று கத்துவது எளிது. அவர் உண்மையாகவே வெளியேறினால் கழகத்தை நடத்துவது யார் என்ற வினாவுக்கும் ரசிகன் விடை வைத்திருக்க வேண்டும்.

கல்கத்தா கற்பிக்கும் இரு பாடங்கள்

இந்தியாவில் உறுப்பினர் சங்கங்களாகத் தோன்றிய பெருங்கழகங்கள் உண்டு. மோகன் பாகன் 1889 இலும், ஈஸ்ட் பெங்கால் 1920 இலும் தோன்றியவை. பணத்தேவை அவற்றையும் முதலாளிகளிடம் கொண்டு சேர்த்தது.

2020 இல் மோகன் பாகன் கால்பந்து அணி, ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமத்தின் ஏ.டி.கே. அணியுடன் இணைந்தது, பெயர் 'ஏ.டி.கே. மோகன் பாகன்' ஆயிற்று. அணிக்குப் பணம் வந்தது, நல்ல ஆட்டக்காரர் வந்தனர், வெற்றியும் வந்தது. ஆயினும் ரசிகர்கள் அமைதியடையவில்லை. "எங்கள் பெயருக்கு முன்னால் வேறு பெயரா?" என்று மூன்று ஆண்டுகள் விடாமல் கேட்டனர். பதாகை தூக்கினர், ஊர்வலம் சென்றனர். 2023 மார்ச்சு 18 அன்று கோவாவில் பெங்களூரு எப்.சி. அணியைப் பெனால்டி உதைகளில் வென்று பட்டம் பெற்ற அதே இரவில், பெயரிலிருந்து ஏ.டி.கே. நீக்கப்படும் என்று உரிமையாளர் அறிவித்தார். தோல்வியே இல்லாத இடத்திலும் ரசிகன் போராடினான் என்பதைக் கவனியுங்கள். அவன் கேட்டது கோப்பை அன்று. தன் கழகத்தின் அடையாளம்.

ஈஸ்ட் பெங்காலின் கதை வேறு. 2018 இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட குவெஸ் நிறுவனம் அதன் கால்பந்துப் பிரிவில் பங்கு பெற்றது. 2020 இல் விலகிற்று. அடுத்து ஸ்ரீ சிமெண்டு வந்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சங்க நிர்வாகிகள் மறுத்தனர். அதில் கண்ட நிபந்தனைகள் உறுப்பினர் உரிமையைப் பறிக்கும் என்றனர். கையெழுத்து இல்லாமல் பணம் இல்லை என்றது நிறுவனம். 2021 சூலை 21 அன்று கழகக் கூடாரத்துக்கு முன் ரசிகர்கள் திரண்டனர். ஒரு சாரார் நிர்வாகிகளை ஆதரித்தனர். மற்றொரு சாரார் கையெழுத்திடச் சொன்னார்கள். இரு சாராரும் மோதிக்கொள்ள, காவலர் தடியடி நடத்தினர். அந்தப் பருவத்தில் அணி பதினொன்றில் பதினொன்றாவதாக நின்றது.

முன்னது ஒரே கோரிக்கையுடன் ஒன்றுபட்டு நின்ற கூட்டம், அது வென்றது. பின்னது நிர்வாகிக்கும் முதலாளிக்கும் இடையே பிளவுண்டு நின்ற கூட்டம். அது தன் தலைமேலேயே அடி வாங்கியது. 2022 இல் இமாமி நிறுவனம் வந்தபின், 2024 சனவரியில் ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் யார் தெரியுமா? பெங்களூர் விட்ட அதே குவாத்ராத்! ஆனால் அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே தோல்விகள் வர, அங்கும் அவர் நிலைக்கவில்லை.

கொச்சியின் மஞ்சள் கூட்டம்

கேரள பிளாஸ்டர்ஸ் கழகத்தின் ரசிகர் படைக்கு 'மஞ்ஞப்படை' என்று பெயர். மூன்று முறை ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் தோற்ற கழகம் அது. 2024-25 வரை பெரிய கோப்பை எதனையும் கண்டதில்லை. ஆயினும் கொச்சி அரங்கில் மஞ்சள் கடல் வற்றியதில்லை. நாம் மேலே சொன்ன 2024 டிசம்பர் 7 ஆட்டத்தில் அவர்கள் 4-2 என்று பெங்களூரிடம் தோற்றனர். அதன் பின் அந்தப் படையின் பொறுமை எல்லை கடந்தது. நல்ல ஆட்டக்காரரை விற்றுவிட்டு ஈடானவரை வாங்குவதில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நுழைவுச்சீட்டு விற்பனையில் இனிப் பங்கு கொள்வதில்லை என்றும், நிர்வாகத்தை எதிர்த்துப் போராடப் போவதாகவும் அறிவித்தனர்.

சில நாட்களில் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். ரசிகர்கள் அதனால் அடங்கவில்லை. "நாங்கள் கேட்டது பயிற்சியாளரின் தலை அன்று, நிர்வாகத்தின் பதில்" என்பது போல இருந்தது அவர்கள் நிலை. 2025 சனவரியில் கழகம் ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைப்பதாக அறிவித்தது. ஆலோசனைக் குழுவுக்கு வாக்கு இல்லை. அதன் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருந்தாலும், அரங்கத்தின் படிக்கட்டில் நின்று கத்தியவனுக்கு மேசையருகே ஒரு நாற்காலி போடப்பட்டது. சிறியதாயினும் அது ஒரு தொடக்கம்.

மேல்நாட்டு வழிகள்

செருமனியில் இதற்குச் சட்டம்போல் ஒரு விதி உண்டு. 'ஐம்பதும் ஒன்றும்' என்று அதனைச் சொல்வர். கழகத்தின் கால்பந்து நிறுவனத்தில் யார் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வூல்ஃப்ஸ்பர்க் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆயினும் விதி நிற்கின்றது. தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க அந்நாட்டு லீக் 2023 டிசம்பரில் முடிவு செய்தபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிசுப் பந்துகளை எறிந்து ஆட்டங்களை வாரக்கணக்கில் நிறுத்தினர். 2024 பிப்ரவரியில் லீக் அத்திட்டத்தைக் கைவிட்டது. டென்னிசுப் பந்துக்கு வலிமை ஏது? அதற்குப் பின்னால் நின்ற வாக்குரிமைக்கே வலிமை.

இங்கிலாந்தில் அவ்விதி இல்லை. 2002 இல் விம்பிள்டன் கழகத்தை உரிமையாளர்கள் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் அப்பாலுள்ள மில்டன் கீன்சு நகருக்குப் பெயர்த்துக்கொண்டு போக அனுமதி கிடைத்தது. கைவிடப்பட்ட ரசிகர்கள் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. அதே கோடையில் பொதுத்திடலில் இளைஞரை அழைத்துத் தேர்வு வைத்து, ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று புதிய கழகம் கண்டனர். அடிமட்ட லீக்கிலிருந்து தொடங்கி 2011 இல் நாட்டின் தொழில்முறை லீக்குக்கு ஏறினர். இன்றும் அது ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருக்கின்றது.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள், கீழிறங்கும் அச்சம் இல்லாத தனி லீக் ஒன்றை அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினர். மூன்று நாட்களுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. அதன் விளைவாக அரசு ஒரு மதிப்பாய்வு நடத்தியது. 2025 இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கழகங்கள் தங்கள் ரசிகர்களைக் கலந்தாலோசிப்பதை அது சட்டக் கடமையாக்கியது. கால்பந்துக்கெனத் தனிக் கண்காணிப்பு அமைப்பையும் தோற்றுவித்தது. தெருவில் எழுந்த குரல் நான்கு ஆண்டில் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

நாம் கேட்க வேண்டியது என்ன?

செருமானிய விதியை நாளையே இங்கே கொண்டுவர இயலாது. இங்குள்ள கழகங்கள் பலவற்றுக்கு உறுப்பினர்கள் இல்லை. நட்டத்தைப் பங்கிட ரசிகரிடம் பணமும் இல்லை. ஆனால் கேட்கத்தக்கவை சில உண்டு. அவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

ஒன்று: ஆண்டுக்கு ஒரு நாள், பருவம் தொடங்குமுன், நிர்வாகிகள் ரசிகர்களின் பேராளர்களைச் சந்திக்க வேண்டும். கேட்டவையும் சொன்னவையும் குறிப்பாக வெளியாக வேண்டும்.

இரண்டு: கழகத்தின் பெயர், நிறம், சின்னம், ஊர் ஆகிய நான்கும் ரசிகர் இசைவின்றி மாறக்கூடாது. பயிற்சியாளரை மாற்றுவது நிர்வாகத்தின் பணி. அடையாளத்தை மாற்றுவது அதன் பணி ஆகாது.

மூன்று: ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தனர், எத்தனை பேர் முதல் அணிக்கு ஏறினர் என்ற கணக்கு ஆண்டுதோறும் வேண்டும். அல்சூரும் ஆஸ்டின் டவுனும் ஒலிம்பிக் வீரரைத் தந்த காலத்தில் அங்கே புல்தரை இல்லை, ஊக்கம் இருந்தது. இன்று புல்தரை இருக்கின்றது, வழி திறந்திருக்கின்றதா?

நான்கு: வரவு செலவு. இதற்கு எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பதிவு பெற்ற நிறுவனங்கள் அரசிடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். வணிகவியல் படிக்கும் நம் நண்பர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். சம்பளத்துக்கு எவ்வளவு, பயிற்சிப் பள்ளிக்கு எவ்வளவு என்று அறிந்து பேசுபவனின் வினாவைத் தட்டிக் கழிப்பது எளிதன்று.

ரசிகர்க்கும் கடமை உண்டு. தோற்ற ஆட்டக்காரனின் தாயையும் தந்தையையும் இழுத்து ஏசுவது போராட்டம் ஆகாது. மூன்று தோல்விக்கே பயிற்சியாளரை நீக்கச் சொல்லிக் கூவிவிட்டு, பிறகு 'பயிற்சியாளரை அடிக்கடி மாற்றுகிறார்கள்' என்று குறைகூறுவதும் முறையன்று. நிர்வாகத்தின் அவசரத்தில் பாதி, நாற்காலியிலிருந்து எழும் நம் கூச்சலைக் கேட்டுப் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்டத்தைப் புறக்கணிப்பது கடைசிக் கருவி. அதனை எடுக்குமுன் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும்; என்ன கிடைத்தால் திரும்புவோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தோழர்களே! கழகம் யாருக்குச் சொந்தம் என்று சட்டத்தைக் கேட்டால், பங்குப் பத்திரம் வைத்திருப்பவருக்கு என்று அது சொல்லும். அதனை மறுக்க இயலாது. ஆனால் முதலாளி மாறலாம். குவெஸ் மாறியது, ஸ்ரீ சிமெண்டு மாறியது. பயிற்சியாளர் மாறுவார், நிர்வாகி மாறுவார், நாற்பது வயதிலும் கோல் அடிக்கும் தலைவரும் ஒருநாள் காலணியைக் கழற்றிவைப்பார். அப்போதும் அரங்கத்தின் மேற்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவன் நிற்பான். இவர்கள் எல்லாரும் வந்து போகும் கழகத்தில், போகாமல் இருப்பவன் அவன் ஒருவனே. போகாமல் இருப்பவனிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் அவன் கோரிக்கை. அது மிகையான கோரிக்கையா என்பதை, பொதுக்குழுவில் கணக்குக் கேட்டுப் பழகிய நீங்களே சொல்லுங்கள்.